அசைலம் கேஸ்வொர்க்கர் வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கு: ஃபைல் திறக்கறதுல இருந்து மூடற வரைக்கும்

லண்டன்ல ஒரு லீகல் எய்ட் ஆபிஸ்ல, அதாவது காசு இல்லாதவங்களுக்கு அரசாங்கச் செலவுல கேஸ் பாக்கற ஆபிஸ்ல, அசைலம் கேஸ் (அடைக்கலம் கேட்டு வர்றவங்க கேஸ்) பாக்கறேன், ஒன்பது வருஷம் ஆகுது. வருஷத்துக்கு ரெண்டு மூணு பேராவது போன் பண்ணி கேப்பாங்க, அக்கா நான் லா முடிச்சிட்டேன், இல்ல லா படிக்கல ஆனா தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் நல்லா வரும், இந்த வேலைக்கு வரலாமா, வந்தா முதல்ல என்ன தெரிஞ்சிருக்கணும்னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் பேசினதை எல்லாம் சேர்த்து இங்க எழுதி வைக்கறேன். இங்கிலாந்து சட்டத்தை வச்சுதான் சொல்றேன், ஸ்காட்லாந்துல லீகல் எய்ட் வேற மாதிரி. விதிங்க மாறிக்கிட்டே இருக்கும், அதனால ஒரு தேதி, ஒரு தொகை எதுவா இருந்தாலும் அன்னைக்கு என்ன நிலைமைன்னு ஒரு தடவை பாத்துட்டு செய்யுங்க.

ஒண்ணு மட்டும் ஆரம்பத்துலயே சொல்லிடறேன். ஃபாரம் நிரப்பறது, டெட்லைன் பாக்கறது, டிரிப்யூனலுக்கு (அப்பீல் கேக்கற கோர்ட்) அப்லோட் பண்றது இதெல்லாம் ஆறு மாசத்துல யாருக்கும் வந்துடும். கிளையண்டோட ஸ்டேட்மென்ட்டை ஒழுங்கா எழுதறதுதான் இந்த வேலையோட உயிர். அந்தப் பத்துப் பதினஞ்சு பக்கம் அந்த ஆளு கூடவே வருஷக்கணக்கா வரும், ஹோம் ஆபிஸ் (அசைலம் முடிவு எடுக்கற உள்துறை), ஜட்ஜ், அதுக்கு மேல கோர்ட்டுன்னு எல்லாரும் அதை வச்சுதான் இவர் சொல்றது உண்மையா பொய்யான்னு முடிவு பண்ணுவாங்க. அதனால இந்தக் கட்டுரையிலயும் அதுக்குத்தான் அதிக இடம்.

வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி

இங்க யாரு வேணா இமிக்ரேஷன் அட்வைஸ் குடுத்துட முடியாது. 1999 இமிக்ரேஷன் அண்ட் அசைலம் சட்டப்படி தகுதி இல்லாம அட்வைஸ் குடுக்கறது கிரிமினல் குற்றம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் போகலாம். கோயில்ல, கல்யாண வீட்டுல யாராவது பேப்பரை நீட்டி "தங்கச்சி இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாரு"ன்னு கேட்டா, படிச்சு அர்த்தம் சொல்லலாம், ஆனா இதுக்கு என்ன பண்ணணும்னு சொல்ல ஆரம்பிச்சா அது அட்வைஸ். ஆபிஸுக்கு வரச் சொல்லுங்க, அதுதான் அவங்களுக்கும் நல்லது.

தகுதி வாங்க ரெண்டு வழி. சாலிசிட்டர் ஆபிஸ்ல லீகல் எய்ட் கேஸ் பாக்கணும்னா லா சொசைட்டியோட அக்ரெடிட்டேஷன் பரீட்சை, டிரெய்னி லெவல்ல ஆரம்பிச்சு சீனியர் கேஸ்வொர்க்கர்னு ஏறிப் போகணும். சாரிட்டி, அட்வைஸ் சென்டர் பக்கம்னா அட்வைசர்களைப் பதிவு பண்ற அமைப்பு ஒண்ணு, முன்னாடி ஓஐஎஸ்சின்னு இருந்தது, 2025 ஜனவரியில இருந்து இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டின்னு பேரு மாத்திட்டாங்க, அதுல மூணு லெவல், லெவலுக்கு ஏத்த வேலைதான் செய்யலாம். லா டிகிரி கட்டாயம் இல்ல. எங்க ஆபிஸ்ல ரொம்ப நல்லா வேலை பாக்கற ஒருத்தங்க முன்னாடி நர்ஸா இருந்தவங்க, ஒரு ஆளு பேசறதை நடுவுல புகாம கேக்கறது அவங்களுக்கு ஏற்கனவே பழகியிருந்தது.

பரீட்சைக்குப் படிக்கறப்போ 1951 அகதிகள் கன்வென்ஷனை மேலோட்டமா புரட்டிட்டு விட்டுடாதீங்க. இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு, இந்த அஞ்சு காரணத்துல ஒண்ணாலதான் துன்புறுத்தல் வரும்னு காட்டணும். அது இல்லாட்டியும் திருப்பி அனுப்பினா சித்திரவதை நடக்கும்னு இருந்தா மனித உரிமை கன்வென்ஷன் ஆர்ட்டிகிள் 3 இருக்கு. இந்த ஆபத்து எந்த அளவுக்கு இருக்கணும்னு இந்த நாட்டுல தீர்மானிச்சதே நம்ம தமிழாளுங்க கேஸ்லதான், 1988ல ரிப்போர்ட் ஆன சிவகுமாரன் கேஸ். நிச்சயம் நடக்கும்னு நிரூபிக்க வேண்டியதில்ல, நடக்க நியாயமான சாத்தியம் இருந்தா போதும்னு ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் (அப்ப இங்க அதுதான் உச்ச கோர்ட்) சொன்னது அதுல. அந்தக் கேஸ்ல வந்த தமிழ் ஆளுங்களே அன்னைக்கு தோத்துட்டாங்க, ஆனா அவங்க வாங்கின அந்த வரியை வச்சு உலகத்துல எங்கிருந்தோ வந்த எத்தனையோ பேரு ஜெயிச்சிருக்காங்க. 2022ல வந்த சட்டம் இதை கொஞ்சம் இறுக்கிடுச்சு, அந்த வருஷம் ஜூன் 28லயோ அதுக்கப்புறமோ கிளெய்ம் பண்ணவங்க தங்களோட பயமும் அதுக்கான காரணமும் உண்மையா இருக்க பாதிக்கு மேல வாய்ப்பு இருக்குன்னு காட்டணும், வருங்கால ஆபத்துக்குத்தான் பழைய அளவுகோல். அதனால கேஸ் கையில வந்ததும் எந்தத் தேதியில கிளெய்ம் பண்ணாங்கன்னு முதல்ல பாருங்க.

ஃபைல் திறக்கறது

2013 ஏப்ரல்ல லீகல் எய்ட் செலவைக் குறைக்க வந்த வெட்டுல சாதாரண இமிக்ரேஷன் கேஸ் பெரும்பாலும் லீகல் எய்ட்ல இருந்து வெளிய போயிடுச்சு, அசைலம் தங்கிடுச்சு. கிளையண்ட் கிட்ட வருமானம், சேமிப்பு ரெண்டுக்கும் ஆதாரம் வாங்கி சிடபிள்யூ1 ஃபாரம்ல கையெழுத்து வாங்கணும். ஹோம் ஆபிஸ் சப்போர்ட்ல இருக்கறவங்கன்னா அந்த லெட்டரே போதும். அந்த சப்போர்ட் எவ்வளவுன்னா 2024ல வாரத்துக்கு 49.18 பவுண்டு, சாப்பாடு போடற ஹோட்டல்ல வச்சிருந்தா 10 பவுண்டு கூட கிடையாது, வேலை செய்யவும் விடமாட்டாங்க. லேட்டா வர்ற கிளையண்ட் மேல கோவம் வந்தா இந்த நம்பரை நினைச்சுக்கோங்க, பஸ்ஸுக்கு காசு இல்லாம ஒன்றரை மணி நேரம் நடந்து வந்தவங்களை நான் பாத்திருக்கேன்.

முதல் நாளே கேளுங்க, இதுக்கு முன்னாடி வேற வக்கீல் பாத்தாங்களா, எங்க, ஃபைல் எங்க இருக்குன்னு. இருந்தா உடனே அத்தாரிட்டி லெட்டர்ல கையெழுத்து வாங்கி பழைய ஃபைலை வரவழைங்க, ஹோம் ஆபிஸ்கிட்ட இருக்கற ரெக்கார்டையும் கேட்டு எழுதிப் போடுங்க. பழைய ஸ்டேட்மென்ட் என்ன சொல்லுதுன்னு தெரியாம புது ஸ்டேட்மென்ட் எழுதறது கண்ணைக் கட்டிட்டு ரோடு கிராஸ் பண்ற மாதிரி.

காசு விஷயம் புதுசா வர்றவங்களுக்கு யாரும் சொல்லித் தரமாட்டாங்க, நான் சொல்றேன். அப்ளிகேஷன் கட்டத்துக்கு ஆபிஸுக்கு கிடைச்ச ஃபிக்ஸட் ஃபீ பல வருஷமா 413 பவுண்டாவே கிடந்தது. மணிக்கணக்கு ரேட்டால வகுத்துப் பாத்தா சுமாரா எட்டு மணி நேர வேலைக்கான காசு. ஒரு சித்திரவதை கேஸ்ல ஸ்டேட்மென்ட்டுக்கு மட்டும் அதைவிட அதிகம் ஆகும். 2024 கடைசியில ரேட்டை ஏத்தறதா அரசாங்கம் அறிவிச்சது, நல்ல விஷயம், ஆனா அதுக்குள்ள எத்தனையோ ஆபிஸ் இந்த வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு, அதனாலதான் பல ஊர்ல வக்கீல் கிடைக்காம ஆளுங்க அலையறாங்க. உங்க பக்கத்துல செய்ய வேண்டியது ஒண்ணு, ஆறு நிமிஷம் ஒரு யூனிட், பண்ற ஒவ்வொரு போன், ஒவ்வொரு லெட்டரையும் அன்னைக்கே அட்டெண்டன்ஸ் நோட்ல எழுதுங்க. ஃபிக்ஸட் ஃபீயை விட ரொம்ப அதிகமா வேலை போச்சுன்னு காட்டினாதான் மணிக்கணக்குல காசு தருவாங்க, நோட் இல்லைன்னா செஞ்ச வேலைக்கு கணக்கே இல்ல.

முதல் சந்திப்பு

ரூம்ல கதவுப் பக்கம் கிளையண்டை உக்கார வைங்க, கதவை அவங்க பாக்கற மாதிரி. பூட்டின ரூம்ல அடி வாங்கினவங்க முதுகுக்குப் பின்னாடி கதவு இருந்தா நீங்க கேக்கறது எதுவும் காதுல ஏறாது. தண்ணி, டிஷ்யூ மேஜையில இருக்கட்டும், டிஷ்யூ பாக்ஸை தூக்கி முன்னாடி நீட்டாதீங்க, அழணும்னு சொல்ற மாதிரி இருக்கும்.

புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வந்தா தனித்தனியா பேசணும். கூட வந்த மாமா, சித்தப்பா எல்லாரும் வெளிய. "பரவாயில்லம்மா நாங்க எல்லாம் ஒரே குடும்பம்"னு சொல்லுவாங்க, மரியாதையா "இல்லைங்கய்யா, எல்லாருக்கும் இதுதான் ரூல்"னு சொல்லி அனுப்பிடுங்க. குடும்பத்துல யாருக்கும் சொல்லாத விஷயம் இருக்கும், குறிப்பா பாலியல் கொடுமை. அது ஆம்பளைங்களுக்கும் நடந்திருக்கு, அவங்க சொல்ல இன்னும் ரொம்ப நாள் எடுக்கும். பேசறதுக்கு ஆம்பளை ஆபிசர் வேணுமா பொம்பளை ஆபிசர் வேணுமான்னு எல்லார்கிட்டயும் கேளுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க.

ரகசியம் காக்கறது பத்தி. நம்ம கம்யூனிட்டி சின்னது. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், எங்க போனாலும் கிளையண்டைப் பாப்பீங்க. கடையில எதிர்ல வந்தா நீங்களா முதல்ல சிரிக்காதீங்க, அவங்க பேசினா பேசுங்க. நீங்க வணக்கம் சொன்னா பக்கத்துல நிக்கறவர் "இந்தப் பிள்ளை எங்க வேலை செய்யுது"ன்னு கேப்பாரு, அந்த ஒரு கேள்வியில அவங்க நிலைமை ஊருக்கே தெரிஞ்சிடும். இதை முதல் சந்திப்புலயே சொல்லி வச்சிடுங்க, "வெளியில பாத்தா நான் தெரியாத மாதிரி போவேன், தப்பா எடுக்காதீங்க"ன்னு. அந்த ஒரு வார்த்தையிலயே பாதிப் பேருக்கு உங்க மேல நம்பிக்கை வந்துடும்.

ஸ்டேட்மென்ட்

ஒரே நாள்ல எழுதி முடிக்கலாம்னு நினைக்காதீங்க, குறைஞ்சது மூணு தடவை உக்காரணும். முதல் தடவை பிறந்த ஊர், குடும்பம், பள்ளிக்கூடம், வேலை, இடம்பெயர்ந்தது, இப்படி வாழ்க்கையோட எலும்புக்கூடு மட்டும். ரெண்டாவது தடவைதான் பிடிச்சது, அடிச்சது. மூணாவது தடவை முழுசா வாசிச்சுக் காட்டறது. கஷ்டமான பகுதியைக் கேட்ட அன்னைக்கு அப்படியே எழுந்து அனுப்பிடாதீங்க, கடைசி பத்து நிமிஷம் வேற பேச்சு, டாக்டர்கிட்ட ரிஜிஸ்டர் பண்ணீங்களா, காலேஜ்ல இங்கிலீஷ் கிளாஸ் கிடைச்சுதா, எந்த பஸ்ல போறீங்கன்னு கேட்டுட்டு அனுப்புங்க.

இப்ப மொழி. நான் தூத்துக்குடிக்காரி, கிளையண்ட்ல பெரும்பங்கு ஈழத்துல இருந்து வர்றவங்க. ரெண்டும் தமிழ்தானேன்னு நினைச்சுதான் வேலைக்குச் சேந்தேன். முதல் வருஷம் ஒரு தம்பி (அடையாளம் தெரியாம மாத்திதான் சொல்றேன்) சொன்னான், "சந்தியில வச்சு வெடி வச்சவங்கள் அக்கா, அண்ணாவுக்கு காலில பட்டது." நான் இங்கிலீஷ்ல எழுதினேன், சந்தியில குண்டு வெடிச்சது, அண்ணன் காலுல காயம்னு. எங்க ஊர்ல வெடின்னா தீபாவளி வெடி, இல்லைன்னா வெடிகுண்டு. அவங்க ஊர்ல வெடி வைக்கறதுன்னா துப்பாக்கியால சுடறது. மூணாவது சந்திப்புல வரி வரியா தமிழ்ல திருப்பிச் சொல்றப்போ அந்த இடத்துல தம்பி கையை நீட்டி நிறுத்தினான். "இல்லை அக்கா, குண்டு இல்லை. துவக்கால சுட்டது." நான் அப்படியே உக்காந்துட்டேன். ஏர்போர்ட்ல வந்து இறங்கினதும் நடந்த முதல் விசாரணையில, ஸ்கிரீனிங்னு சொல்லுவாங்க, அதே சம்பவத்தை ஹோம் ஆபிஸ் இன்டர்ப்ரட்டர் சரியா "சுட்டாங்க"ன்னு மொழிபெயர்த்திருந்தாரு. வாசிச்சுக் காட்டாம அனுப்பியிருந்தா ரிஃப்யூசல் லெட்டர்ல (கிளெய்மை மறுத்து வர்ற லெட்டர்) ஒரு பத்தி தயாரா வந்திருக்கும், முதல்ல துப்பாக்கின்னீங்க, இப்ப குண்டுங்கறீங்க, அதனால உங்க அண்ணன் கதையை ஏத்துக்கல. பொய் சொன்ன பேரு அந்தப் பையனுக்கு, தப்பு பண்ணது நான்.

அன்னையில இருந்து ஒரு நோட்டு வச்சிருக்கேன், நீங்களும் வைங்க. அதுல இருந்து கொஞ்சம். "வடிவா ஞாபகம் இல்லை"ன்னா சரியா ஞாபகம் இல்லைன்னு அர்த்தம், அழகுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. "காம்ப்"னு சொன்னா ஆர்மி முகாமா, இடம்பெயர்ந்தவங்க முகாமா, இயக்கத்தோட பயிற்சி முகாமான்னு கேட்டே ஆகணும், மூணுக்கும் கேஸ்ல மூணு விதமான விளைவு. "இயக்கம்"னா பெரும்பாலும் புலிகள்தான், ஆனா வேற இயக்கமும் இருந்தது, பேரைச் சொல்லச் சொல்லுங்க. "பிடிச்சுக்கொண்டு போனவை"ன்னா யாரு, யூனிஃபார்ம் இருந்ததா, சிவில் உடுப்பா, வெள்ளை வானா, எந்த மொழியில பேசினாங்க. "நாலாம் மாடி"ன்னு ஒருத்தர் சொன்னா ஏதோ கட்டிடத்தோட நாலாவது ஃப்ளோர்னு சும்மா எழுதிட்டுப் போயிடாதீங்க, கொழும்புல போலீஸ் விசாரணைக்கு கொண்டு போற இடத்துக்கு சனங்க வச்ச பேரு அது.

உறவு முறை இன்னொரு பெரிய பள்ளம். அண்ணான்னா கூடப் பிறந்தவரா, பெரியம்மா மகனா, பக்கத்து வீட்டுக்காரரா? மாமான்னா அம்மாவோட தம்பியா, அத்தை புருஷனா, மாமனாரா? மச்சான்னா சொந்தமா, கூட்டாளியா? ஒவ்வொரு பேரு வர்றப்பவும் "உங்கட அம்மாவுக்குப் பிறந்தவரோ?"ன்னு கேட்டு, குடும்ப மரம் ஒண்ணு பேப்பர்ல வரைஞ்சு கிளையண்ட்கிட்டயே காட்டுங்க. பேருலயும் இதே கதை, நமக்கு அப்பா பேரு முன்னாடி வரும், இங்க அதை ஃபர்ஸ்ட் நேம்னு போட்டுடுவாங்க, ஒரே ஆளு ரெண்டு பேர்ல ரெக்கார்ட்ல இருப்பாரு.

தேதி. யாருக்கும் தேதி ஞாபகம் இருக்காது, உங்களுக்கு பத்து வருஷம் முன்னாடி காய்ச்சல் வந்த தேதி ஞாபகம் இருக்கா? ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சம்பவத்தோட கட்டுங்க. சுனாமிக்கு முன்னமா பின்னமா, அது 2004 டிசம்பர் 26. ஏ9 ரோடு மூடினது 2006 ஆகஸ்ட். சண்டை முடிஞ்சது 2009 மே. நல்லூர்த் திருவிழா முடிஞ்சிருந்ததா, ஓ எல் பரீட்சை (இலங்கைப் பள்ளிக்கூடப் பொதுப் பரீட்சை) எழுதிட்டீங்களா, மாரி மழை தொடங்கியிருந்ததா. அப்பவும் சரியா வரலைன்னா "சுமாரா 2008 நடுவுல"ன்னே எழுதுங்க, ஏதோ ஒரு தேதியைப் போட்டு அழகாக்காதீங்க. ஆப்கன், ஈரான் கிளையண்ட்டுக்கு வருஷம் மார்ச்லதான் பிறக்கும், எண்ணும் வேற. எத்தியோப்பியா கேலண்டர் நம்மளைவிட ஏழெட்டு வருஷம் பின்னாடி. கன்வர்ட் பண்றப்போ ஒரு மாசம் தவறினாலும் ஹோம் ஆபிஸ் அதைப் பிடிச்சுக்கும், மூல தேதியையும் மாத்தின தேதியையும் ரெண்டையும் நோட்ல வைங்க.

கிளையண்ட் சொல்லாத ஒரு வார்த்தையும் சேக்காதீங்க. சில பேரு ஏஜென்சிக்காரன் சொல்லிக் குடுத்த கதையோட வருவாங்க, இப்படிச் சொன்னாதான் விசா கிடைக்கும்னு பயமுறுத்தி அனுப்பியிருப்பான். ரெண்டு மூணு கேள்வியில உங்களுக்கே தெரிஞ்சிடும், மனப்பாடம் பண்ணது ஒரே வேகத்துல வரும். திட்டாதீங்க. பேனாவை மூடி வச்சிட்டு, இங்க சொல்றது எனக்கும் உங்களுக்கும் நடுவுல மட்டும்தான், பொய்யை ஹோம் ஆபிஸ் முன்னாடி வைக்க எனக்கு அனுமதி இல்ல, உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கன்னு சொல்லிட்டு சும்மா இருங்க. பல தடவை உண்மைக் கதை அந்த மனப்பாடக் கதையைவிட பலமா இருந்திருக்கு. இயக்கத்துல சண்டையில இருந்தேன், அப்படி ஏதாவது சொன்னா நீங்களா மறைக்கவோ குறைக்கவோ போகாதீங்க, கன்வென்ஷன்ல கடுமையான குற்றம் பண்ணவங்களுக்கு பாதுகாப்பு இல்லைன்னு விலக்கு விதி ஒண்ணு இருக்கு, நேரா சூப்பர்வைசர்கிட்ட கொண்டு போங்க.

கடைசிப் பத்தியில இந்த ஸ்டேட்மென்ட்டை எனக்கு எந்த மொழியில யார் வாசிச்சுக் காட்டினாங்க, எனக்குப் புரிஞ்சதுன்னு இருக்கணும். கையெழுத்து அதுக்கப்புறம்தான்.

ஹோம் ஆபிஸ் இன்டர்வியூ

வந்த உடனே நடக்கற ஸ்கிரீனிங்ல நாம இருக்கமாட்டோம், தூங்காம சாப்பிடாம வந்த ஆளுகிட்ட ரெண்டு வரியில சொல்லுன்னு கேட்டிருப்பாங்க. அதோட காப்பியை வாங்கி கிளையண்ட்கிட்ட வாசிச்சுக் காட்டி, தப்பு இருந்தா பெரிய இன்டர்வியூவுக்கு முன்னாடியே எழுதி அனுப்புங்க. ஸ்கிரீனிங்ல விவரமா சொல்லலைங்கறதை ரொம்ப பெருசு பண்ணக் கூடாதுன்னு 2004லயே டிரிப்யூனல் ஒரு சீனா கேஸ்ல சொல்லியிருக்கு, தேவைப்பட்டா அதைக் காட்டலாம்.

பெரிய இன்டர்வியூவுக்கு நாம கூடப் போக பெரியவங்களுக்கு பொதுவா லீகல் எய்ட் காசு தராது, சிறுவர்களுக்கு தரும். அதனால தயார் பண்ணி அனுப்பணும், பதிலைச் சொல்லிக் குடுக்காம. கேள்வி புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க, ஞாபகம் இல்லைன்னா ஊகிக்காதீங்க, இன்டர்ப்ரட்டர் பேசறது புரியலைன்னா அப்பவே சொல்லுங்க, முடிஞ்சப்புறம் சொன்னா நம்பமாட்டாங்க, இடைவேளை கேக்கறது உங்க உரிமை. நம்மாளுங்க ஆபிசர் முன்னாடி எல்லாத்துக்கும் "ஓம் ஓம்"னு (ஆமா ஆமான்னு) தலையாட்டிட்டு வந்துடுவாங்க, மரியாதைக்கு. அது ரெக்கார்ட்ல சம்மதமா ஏறிடும், இதை ரெண்டு தடவையாவது சொல்லி அனுப்புங்க. முடிஞ்சதும் டிரான்ஸ்கிரிப்ட்டும் ஆடியோவும் வாங்கி ஆடியோவை நீங்களே கேளுங்க. திருத்தம் இருந்தா சில நாளுக்குள்ள போயிடணும்.

ஆதாரம்

உடம்புல தழும்பு இருந்தா மெடிக்கல் ரிப்போர்ட். ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் ரெண்டும் இதை நல்லா செய்வாங்க, ஆனா காத்திருக்கணும், அதனால ஃபைல் திறந்த வாரமே ரெஃபர் பண்ணுங்க. 2019ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன கேவி கேஸ் கட்டாயம் படிக்கணும். காய்ச்சின கம்பியால கையிலயும் முதுகுலயும் சூடு வச்ச தழும்பு, இலங்கைத் தமிழர், அவரே ஆள் வச்சு சூடு போட்டுக்கிட்டிருக்கலாம்னு அப்பர் டிரிப்யூனல் சொல்லிச்சு. ஒருத்தர் தன் உடம்புல தானே அப்படிப் பண்ணச் சொல்றது எவ்வளவு அபூர்வம்னு யோசிக்கணும்னு சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிச்சு. டாக்டர் இந்தத் தழும்பு எப்படி வந்திருக்கும்னு எந்த அளவுக்கு கருத்து சொல்லலாம்னும் அதுல தெளிவா இருக்கு.

இலங்கைக் கேஸ்னா 2013 ஜிஜே, 2021 கேகே அண்ட் ஆர்எஸ், இந்த ரெண்டு கன்ட்ரி கைடன்ஸ் தீர்ப்பும் (ஒரு நாட்டுல யாருக்கு ஆபத்துன்னு மத்த கேஸுக்கும் வழிகாட்டற தீர்ப்பு) தலையணைக்குப் பக்கத்துல இருக்கணும். பழைய புலி உறுப்பினரா இருந்தாரான்னு மட்டும் பாக்காம, இப்ப பிரிவினைக்காக வேலை செய்யறவர்னு இலங்கை அரசாங்கம் அவரை நினைக்குமான்னுதான் இதுல முக்கியமா கேக்கறாங்க. அதனால இங்க லண்டன்ல போராட்டத்துக்குப் போறாங்களா, எந்த அமைப்புல இருக்காங்க, என்ன பொறுப்பு, ஏன் போறாங்க, எல்லாம் கேளுங்க. கூட்டத்துல கொடி பிடிச்ச ஒரு போட்டோ மட்டும் குடுத்தா "கேஸுக்காகப் போனவர்"னு ஒதுக்கிடுவாங்க, மனசுல இருக்கற நம்பிக்கையை ஸ்டேட்மென்ட்ல அவர் வார்த்தையில கொண்டு வரணும். ஊர்ல இருந்து லெட்டர் வந்தா கவரைத் தூக்கிப் போடாதீங்க, ஸ்டாம்ப்போட ஃபைல்ல வைங்க.

முடிவு வந்ததும்

ரிஃப்யூசல்னா அனுப்பின நாள்ல இருந்து 14 நாள்ல அப்பீல் போடணும். லெட்டர் கையில வந்த நிமிஷமே ரெண்டு டைரியில எழுதுங்க, உங்களுது ஒண்ணு, ஆபிஸுது ஒண்ணு. வேற எந்தத் தப்பையும் சரி பண்ணலாம், தவறின டெட்லைனுக்காக ஒரு ஆளு நாடு கடத்தல் பயத்துல உக்காந்திருக்கறதை பாக்க வேண்டி வந்தா தூக்கம் வராது. அப்பீலுக்கு காசு கிடைக்க ஜெயிக்கற வாய்ப்பை எடை போடணும், அசைலம்ல சந்தேகமா இருக்கற கேஸையும் எடுக்கலாம், கண்ணை மூடிட்டு மறுக்காதீங்க. மறுத்தா சிடபிள்யூ4 ஃபாரம் குடுத்து அந்த முடிவை எதிர்த்துக் கேக்கற உரிமையை கிளையண்ட்டுக்கு விளக்கணும்.

ரிஃப்யூசல் லெட்டரை பத்தி பத்தியா நம்பர் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் கிளையண்டோட பதிலை எழுதுங்க. பாதி பத்தி மொழிக் குழப்பமாதான் இருக்கும். அப்பீல் ஃபாரம்ல மொழின்னு கேக்கற இடத்துல தமிழ்னு மட்டும் போடாம இலங்கைத் தமிழ்னு போடுங்க. ஹியரிங் நாள் டெய்லர் ஹவுஸோ ஹேட்டன் கிராஸோ, ஒரு மணி நேரம் முன்னாடி போய் கிளையண்டையும் கோர்ட் இன்டர்ப்ரட்டரையும் ரெண்டு வார்த்தை பேச வச்சுப் பாக்கச் சொல்லி ஜட்ஜ்கிட்ட பேரிஸ்டர் கேக்கட்டும்.

டிடென்ஷன்ல (ஹோம் ஆபிஸ் அடைச்சு வச்சிருக்கற இடம்) இருக்கறவங்க கேஸ் தனி உலகம், ஹார்மண்ட்ஸ்வொர்த் மாதிரி இடத்துல டூட்டி அட்வைஸ்ல (முறை வச்சு போய் பாக்கற இலவச ஆலோசனை) ஒரு ஆளுக்கு உங்களுக்கு கிடைக்கறது அரை மணி நேரம்தான். முதல் வருஷம் தனியா போகாதீங்க, சீனியர் கூட போய் பக்கத்துல உக்காந்து பாருங்க.

உங்களைப் பத்தி

சொந்த நம்பர் குடுக்காதீங்க, கடன் குடுக்காதீங்க, கண்டிப்பா ஜெயிச்சிடும்னு வாக்கு குடுக்காதீங்க. மூணும் பாசத்துலதான் நடக்கும், மூணும் கடைசியில கிளையண்டைத்தான் காயப்படுத்தும். கேட்ட கதை ராத்திரி கனவுல வந்தா அது உங்க பலவீனம் இல்ல, சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க, கஷ்டமான ஸ்டேட்மென்ட் ரெண்டை ஒரே நாள்ல வைக்காதீங்க. நான் அப்படிப்பட்ட நாள்ல நேரா வீட்டுக்குப் போகமாட்டேன், ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து போவேன், வீட்டுப் பிள்ளைங்க முகத்தைப் பாக்கறதுக்குள்ள கொஞ்சம் காத்து வேணும்.

ஃபைல் மூடறது

அகதி ஸ்டேட்டஸ் கிடைச்சா சந்தோஷத்துல எல்லாரும் மறந்துடறது இதைத்தான்: ஹோம் ஆபிஸ் வீடும் காசும் சில வாரத்துல நின்னுடும், பல காலமா 28 நாள்தான் குடுத்தாங்க. அதனால சொல்ற அன்னைக்கே கவுன்சில் ஹவுசிங், யூனிவர்சல் கிரெடிட் (அரசாங்க உதவிப் பணம்), பேங்க் அக்கவுண்ட், ஈவிசா (ஆன்லைன்ல இருக்கற விசா ரெக்கார்ட்) எல்லாத்துக்கும் தமிழ்லயே ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிக் குடுத்துடுங்க. மனைவி பிள்ளைங்களை கூப்பிடற விதி அடிக்கடி மாறுது, அன்னைக்கு உள்ள விதியைப் பாத்துட்டு மட்டும் பதில் சொல்லுங்க.

ஸ்டேட்மென்ட், இன்டர்வியூ, முடிவு லெட்டர் எல்லாத்தோட காப்பியும் கிளையண்ட் கையில போகணும், பின்னாடி ஒவ்வொரு ஃபாரமும் பழைய ஃபாரத்தோட ஒத்துப் போகணும்ல. அந்த வெடி சொன்ன தம்பிக்கு அப்பீல்ல கிடைச்சது. காப்பியை வாங்க வந்தப்போ சூப்பர் மார்க்கெட் பையில இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான், உள்ள அவங்க அம்மாவோட லெட்டர், அண்ணாவோட ஆஸ்பத்திரி துண்டு, எல்லாத்துக்கும் மேல ஸ்டேட்மென்ட்டை வச்சு மூடினான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, "அக்கா, அந்த வரியை நீங்க மாத்தினதுதானே இதில இருக்கிறது?"ன்னு கேட்டான். பக்கத்தைப் புரட்டி விரல் வச்சுக் காட்டினேன், பன்னிரெண்டாவது பத்தி.